45 நாள் பிள்ளையோடு யாழ்ப்பாணம் போகலாமா?

நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறிவிட்டது என்றால் வெள்ளவத்தையில் பாதிப் பேர் ஊருக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள். அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கைக்குழந்தையோடு பயணம் போவதைப் பற்றித்தான். பிரசவ வார்டில் 30 வருடம் தாதியாக நின்றவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள், சரி. ஆனால் உங்கள் பிள்ளையை நேரில் பார்த்த டொக்டரும் மிட்வைஃபும் வேறு சொன்னால் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அக்கா, மகளுக்கு இன்றைக்கு 31 நாள், துடக்குக் கழித்தாயிற்று. நல்லூர்த் தேருக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறார். அப்போது பிள்ளைக்கு 45 நாள் ஆகியிருக்கும். எனக்கு சிசேரியன். கணவரின் அப்பம்மாவுக்கு 88 வயது, கொழும்புக்கு வர ஏலாது, பூட்டப்பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறார், அதுவும் உண்மை. "நான் உன்ரை புருஷனைக் கைக்குழந்தையாக் கிளாலிக் கடலால கொண்டுவந்தனான், உங்களுக்கு ஏசி வானில போகப் பயமோ" என்று மாமி கேட்கிறார். போகலாமா? பஸ்ஸா, ரயிலா, வானா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– இளம் தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் மாமியின் கதையை முடித்துவிடுவோம். நானும் கிளாலியால் வந்தவள்தான். 1993 இல், சண்டை நடந்த காலம், மூத்தவன் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆனையிறவால் பாதை இல்லை, இருட்டில் படகில் ஏற்றினார்கள், பிள்ளை அழுதுவிடக் கூடாதே என்று கரை தட்டும்வரைக்கும் அவனை நெஞ்சோடு போட்டுப் பால் கொடுத்தபடியே இருந்தேன், இடுப்புக்குக் கீழே சேலை முழுக்க உப்புத்தண்ணி. அதை வீரம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேறு வழி இருக்கவில்லை, வந்தோம். வழி இருக்கிற நாளில் அதை அளவுகோலாக்கினால் எப்படி? மாமியிடம் இதை நேரே சொல்ல உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் இந்தப் பக்கத்தை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனி கேள்விக்கு. மாதம் நிறைந்து பிறந்து, ஒழுங்காகப் பால் குடித்து, நிறை ஏறுகிற பிள்ளை 45 நாளில் யாழ்ப்பாணம் போகலாம். தேருக்குப் போகக் கூடாது. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. காசநோய்க்கு மட்டும்தான். குக்கல், தொண்டைக் கரப்பன் எல்லாவற்றுக்குமான ஐந்து நோய்த் தடுப்பூசி இரண்டாம் மாதம்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னம் கூட்டத்தில் யாராவது இருமினால் பிள்ளைக்குத் தடுக்க ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு வெறும் நாள்பட்ட இருமலாகத் தெரிகிற குக்கல், இந்த வயதுப் பிள்ளையை மூச்சு நின்றுபோகிற அளவுக்கு வாட்டும். அப்படி வந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன், அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு. தேர் அடுத்த வருடமும் ஓடும். இரண்டாம் மாத ஊசியைப் போட்டு, அதன் காய்ச்சலும் அடங்கி, ஊரில் கூட்டம் கலைந்த பிறகு போய் அப்பம்மாவின் மடியில் பிள்ளையைப் போடுங்கள். 88 வயதுக்காரரிடம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல மனம் வராதுதான். அவருக்கு உடம்பு சரியில்லை, இப்போதே போக வேண்டும் என்றால் போங்கள், வீட்டுக்குப் போய் வீட்டோடு திரும்புங்கள்.

எதில் போவது? இரவு பஸ் வேண்டாம். நீங்கள் கேட்ட இடத்தில் நிற்காது, ஏசியின் காற்று நேரே பிள்ளையின் உச்சந்தலையில் விழும், இருட்டில் பம்பர்ஸ் மாற்ற முடியாது, டிரைவர் நித்திரையோ முழிப்போ என்று உங்களுக்குத் தெரியப் போவதுமில்லை. ரயில் நல்லது. 2014 இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கியதிலிருந்து எனக்கு அதில் ஒரு பாசமும் உண்டு. எழும்பி நடக்கலாம், குலுக்கினாலும் சடுதியாக பிரேக் அடிக்காது, சிசேரியன் வயிற்றுக்கு அது பெரிய விஷயம். குறை என்றால் ஓடுகிற ரயிலின் கழிப்பறைதான், அதை விளக்கத் தேவையில்லை. ஏசிப் பெட்டியில் இடம் முன்கூட்டியே பதிந்தால் போங்கள். இல்லையென்றால் வான்.

வான் என்றால் அண்ணளவாக 400 கிலோமீற்றர். புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழி. விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏற முதல் புத்தளத்தைத் தாண்டலாம், ஆனால் முதல்நாள் இரவு டிரைவர் எங்கே ஓடினார், எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் இருக்கிறது நம் ஆட்களிடம் உள்ள பெரிய பிழை. பிரேக் அடித்தால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. கைக்குழந்தைக்கான கார் சீட்டைப் பின் வரிசையில், பிள்ளையின் முகம் வாகனத்தின் பின்பக்கம் பார்க்கிற மாதிரிக் கட்ட வேண்டும். லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற சித்தப்பா பிள்ளைகள் விட்டுப்போன சீட் யாராவது வீட்டு மெத்தையறையில் கிடக்கும். விபத்தில் அடிபடாததா, மேலே போட்டிருக்கிற காலாவதித் திகதி முடியவில்லையா என்று மட்டும் பாருங்கள். வானில் சீட் பெல்ட் இருக்கிறதா என்பதையும் பேசும்போதே கேட்டுவிடுங்கள், பல வான்களில் பின்னால் பெல்ட் சீட்டுக்குள் போய்க் காணாமல் போயிருக்கும், அது இல்லாமல் கார் சீட்டைக் கட்டவே முடியாது.

அந்தச் சீட்டிலும் மணிக்கணக்காகப் படுக்க வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளையின் கழுத்துக்குப் பலம் இல்லை, தலை முன்னால் விழுந்தால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுப்பாதை நெரியும். ஆகக்கூடியது 2 மணித்தியாலம் என்பார்கள். இந்த வயதுக்கு அதுவும் கூட. மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்துங்கள், பக்கத்தில் ஒரு ஆள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். ஓடுகிற வானில் சீட்டிலிருந்து எடுத்துப் பால் கொடுக்க வேண்டாம், நிறுத்திவிட்டுக் கொடுங்கள். பெல்ட்டுக்குள் தடித்த துவாய், கம்பளி எல்லாம் சுற்றவும் கூடாது, வார் தளர்ந்துவிடும். குளிர்ந்தால் வாரைப் பூட்டிய பிறகு மேலால் மெல்லிய துணியைப் போடலாம், இடுப்புவரைக்கும்.

நேரக் கணக்கைப் பிள்ளையின் பசிக்கு விடுங்கள். இந்த வயதில் 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தரம் குடிப்பார்கள். அதாவது 8 மணித்தியாலப் பாதை உங்களுக்கு 11, 12 மணித்தியாலம். "இன்னும் 20 கிலோமீற்றர்தானே, வவுனியாவில் குடுப்பம்" என்று முன்னால் இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு மார்பும் இல்லை பசியும் இல்லை. அழத் தொடங்கிய பிறகு இல்லை, வாயைச் சப்பும்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

சாமானுக்கு வருவோம். ஆட்கள் பெரிய பெரிய பேக்காகக் கட்டுகிறார்கள், அவசரத்துக்குத் தேடினால் ஒன்றும் அகப்படாது. நான் வார்டில் பழகின விதம் இது: ஒரு தரம் மாற்றத் தேவையானதை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு முடியுங்கள். ஒரு பம்பர்ஸ், ஈரம் துடைக்கப் பழைய பருத்தித் துணி இரண்டு, ஒரு சட்டை. இப்படிப் பத்து முடிச்சு. ஒன்றை அவிழ்த்து மாற்றினால் அழுக்கை அதே பேக்கில் போட்டு மறுபடி முடிந்து பின்னால் எறிந்துவிடலாம். இருட்டிலும் செய்யலாம், உங்கள் கணவரும் செய்யலாம். இதோடு காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மோமீற்றர், கை கழுவச் சவர்க்காரமும் ஒரு போத்தல் தண்ணியும், உங்களுக்கு இரண்டு மேல்சட்டை. பிள்ளை கக்குவது பாதி உங்கள் தோளில்தான். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டை மறக்காதீர்கள், நிறை, ஊசி எல்லாம் அதில்தான் இருக்கிறது, வழியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஊரில் நிற்கும்போது ஊசித் திகதி வந்தால் அங்கே கிளினிக்கில் போடுவதைப் பற்றி உங்கள் மிட்வைஃபிடம் இங்கேயே கதைத்துவிட்டுப் போங்கள். கொலோன், பவுடர், நான்கு சோடி சப்பாத்து எல்லாவற்றையும் வீட்டில் விடுங்கள். சப்பாத்து போட்டு அந்தப் பிள்ளை எங்கே நடக்கப் போகிறது?

பால்மா கொடுக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். கலக்கிய பாலைக் கொண்டுபோக வேண்டாம். கொதித்த வெந்நீரை ஆறவிடாமல் பிளாஸ்க்கிலும், அளந்த மாவைக் காய்ந்த சின்னப் போத்தல்களிலும் தனித்தனியே கொண்டுபோய் அந்தந்த நேரம் அந்தச் சூட்டோடு கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். கலக்கினால் 2 மணித்தியாலத்துக்குள், வாயில் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், மிச்சத்தை ஊற்றிவிட வேண்டியதுதான். மா என்ன விலை என்று எனக்கும் தெரியும், ஊற்றத்தான் வேண்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "எனக்கு சிசேரியன்" என்று. எனக்குப் பயம் பிள்ளையைவிட உங்களில்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு 6 வாரத்துக்கு இரத்தம் காலில் கட்டிப்படுகிற ஆபத்து சாதாரண நாளைவிடப் பல மடங்கு, சிசேரியன் என்றால் இன்னும் கூட. 6 வாரம் முடிந்த அன்றைக்கே அது போய்விடாது. மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் அதுதான் வழி. நிறுத்துகிற இடமெல்லாம் இறங்கி 5 நிமிஷம் நடங்கள், இருக்கிறபோது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் முழுக்க நனைகிற அளவுக்கு இரத்தம் போனாலோ ஊர் போய்ப் பார்ப்போம் என்று இருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வானைத் திருப்புங்கள். இன்னொன்று, பெண்கள் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாதது: வழியில் நல்ல கழிப்பறை இல்லை என்று வெளிக்கிட்டதிலிருந்து தண்ணி குடிக்க மாட்டோம். பத்தியக் கறியும் சாப்பிட்டு, தண்ணியும் குடிக்காமல், பாலும் கொடுத்தால் ஊர் போய்ச் சேரும்போது தலை சுற்றும், சலக்கடுப்பும் வரும். எந்த ஊரில் எந்த இடம் சுத்தம் என்று டிரைவரிடம் முதலே கேட்டு வைத்து, தாராளமாகக் குடியுங்கள்.

முறிகண்டியில் எப்படியும் வான் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த டிரைவரும் தாண்ட மாட்டார். நீங்கள் பிள்ளையோடு வானுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்வார்கள். இருக்காதீர்கள், எஞ்சினை நிறுத்தின வான் வெயிலில் கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். மர நிழலுக்கு இறங்குங்கள்.

ஊரில் வருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுத் தூக்கட்டும், முகத்தில் கொஞ்ச வேண்டாம், காலைத் தொட்டுக் கொஞ்சினால் போதும். தடிமன் இருக்கிறவர் வாசலோடு. நாவூறுக்குக் கறுப்புப் பொட்டு கன்னத்தில் இருக்கட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது. ஏணையில் போட்டால் மேலே நுளம்பு வலை போடுங்கள், அந்த அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள். இதையெல்லாம் நீங்கள் சொன்னால் "கொழும்புப் பிள்ளை" என்று கதை வரும். உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள், பேரன் சொன்னால் அப்பம்மா கேட்பார்.

கேள்வி: தம்பியின் கலியாணம் சென்னையில். அப்போது மகனுக்கு 3 மாதம். பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டுமா? காது அடைக்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தனிப் பாஸ்போர்ட் வேண்டும், இந்திய விசாவும் தனியே வேண்டும், மூன்று மாதம் என்றாலும் அவரும் ஒரு பிரயாணிதான். இது எல்லாம் பிறப்புப் பதிவில் தொடங்குகிறது. 42 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் முடிவாகவில்லை, சாத்திரியார் எழுத்துச் சொல்லவில்லை என்று இழுக்காதீர்கள். பதியும்போது தகப்பனின் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். நம் பெயர்களில் ஒரு எழுத்துக் கூடிக் குறைந்ததால் வருடக்கணக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும், என் வீட்டிலேயே ஒருவர் உண்டு. பிறகு பாஸ்போர்ட் எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போகும்போது பெற்றோர் இரண்டு பேரும் அடையாள அட்டையோடு போங்கள், ஒருவர் வெளிநாட்டில் என்றால் அவருடைய சம்மதக் கடிதத்துக்கு என்ன முறை என்று முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காது: விமானம் இறங்கும்போதுதான் அடைக்கும், மேலே ஏறும்போது அவ்வளவில்லை. விழுங்கினால் திறக்கும். சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட முழுதாக இல்லை, ஏறினவுடன் பால் கொடுத்துவிட்டால் இறங்கும்போது பிள்ளைக்குப் பசி இருக்காது. அதனால் இறங்கத் தொடங்குகிறது என்று அறிவிக்கும் வரைக்கும் சமாளித்து, அந்த நேரம் பார்த்துக் கொடுங்கள். கடும் தடிமன் இருந்தால் டொக்டரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். பிள்ளையின் பால், வெந்நீர் இதற்கெல்லாம் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பொதுவாக இல்லை, சோதிக்கிற இடத்தில் தனியே எடுத்துக் காட்டுங்கள். உங்கள் பெல்ட்டுக்குள் பிள்ளையையும் சேர்த்துக் கட்டாதீர்கள், பிள்ளைக்கென்று ஒரு சின்ன பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 40 முடிந்ததும் காத்தான்குடிக்கு உம்மம்மா வீட்டுக்குப் போகிறோம். வெயில் கடுமை, வழியில் பிள்ளைக்கு நா வறளும், சீனித்தண்ணியும் கொஞ்சம் தேனும் கொடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா ராத்தா?
– மருதானைச் சகோதரி

பதில்: இரண்டும் வேண்டாம். தாய்ப்பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணிதான், வெயிலென்றால் இன்னும் இரண்டு தரம் கூடக் கொடுங்கள், அவ்வளவுதான். 6 மாதம்வரை தண்ணி கொடுத்தால் வயிறு நிரம்பிப் பால் குறையும், கிருமியும் போகும். தேன் ஒரு வயதுவரைக்கும் தொடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து நம் வயிற்றில் ஒன்றும் செய்யாது, பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகிக் கைகாலைத் தளர வைத்துவிடும். நாளைக்கு 6 தரமாவது பம்பர்ஸ் நன்றாக நனைகிறதா பாருங்கள், நனைந்தால் நா வறளவில்லை. உம்மம்மாவுக்கு மனம் கேட்காவிட்டால் அந்தத் தேனை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளினிக்குக்குப் பிள்ளையை ஓட்டோவில் கொண்டுபோகலாமா?
– தெஹிவளை

பதில்: கார் கிடைத்தால் கார். கிடைக்காத நாளில் காலி வீதியில் நம்மில் பாதிப் பேர் ஓட்டோதான், நானும் போயிருக்கிறேன். நடு சீட்டில் இருங்கள், பிள்ளையை நெஞ்சோடு துணியால் கட்டி முகம் மூடாமல் பாருங்கள், பஸ்ஸுக்குப் பின்னால் புகைக்குள் ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவசரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பறப்பார்.

கேள்வி: பயணத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் சிரப் கொடுத்துக்கொண்டு போகலாமா?
– வத்தளை

பதில்: 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை, பழைய கணக்கில் 100.4, அல்லது அதற்கு மேல் என்றால் அது அவசரம். சிரப் கொடுத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்ட அன்றைக்கு வருகிற காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று கிளினிக்கிலேயே சொல்லி அனுப்புவார்கள், அது வேறு. பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலும், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தாலும் காய்ச்சல் இல்லையே என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கேள்வி: மனைவியும் 2 மாதப் பிள்ளையும் நானும் வானில் யாழ்ப்பாணம் போகிறோம். எல்லாவற்றையும் மனைவியும் மாமியும் பார்க்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தகப்பன், பம்பலப்பிட்டி

பதில்: தம்பி, கேட்டதே பெரிய விஷயம். மேலே சொன்ன பத்து முடிச்சையும் முதல்நாள் இரவு நீங்கள் கட்டுங்கள், அப்போதுதான் எது எங்கே என்று உங்களுக்குத் தெரியும். வானில் முன் சீட்டை மாமிக்கு விட்டுவிட்டுப் பின்னால் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்குவீர்கள்தானே, பம்பர்ஸை மாற்றிவிட்டு இறங்குங்கள்.